தவளை வண்டிக்கு ஓர் அடித்தகடு

கிதியோன் ஓட்டிவந்த தவளை வண்டி கடலில் முழுகிய சேந்தன்துறையில், பாதி சரிந்து தாழ்ந்திருந்த பழைய தபாலாபீஸ் மொட்டைமாடியில் சிக்கி நின்றபோது பகல் பன்னிரண்டே கால் மணி. கடல் வற்றிக்கொண்டிருந்த நேரம். வண்டிக்கு அடியில் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது; அதன் பின்னால் துணி கிழிகிற மாதிரி நீளமாக இன்னொன்று. இருக்கைகளுக்கு நடுவே தண்ணீர் குமிழியிட்டு ஏற ஆரம்பித்தது.

வண்டிக்குள் தேரிமேட்டிலிருந்து பிரசவத்துக்காகக் கொண்டுவரப்பட்ட வள்ளித்தாய் இருந்தாள். கூட ஒரு நர்ஸம்மா. கிதியோன் இருவரையும் மொட்டைமாடியில் இறக்கி, முழங்கால் தண்ணீரில் பெஞ்சுப் பலகையைப் போட்டு அவளைப் படுக்கவைத்தார். கடல் ஏறி, கரையிலிருந்து படகு வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

மறுநாள் காலை வண்டியைக் கட்டி இழுத்துவந்து புதூரில் அமலோற்பவத்தின் பட்டறையில் விட்டார்கள். அவள் படகுக்கு அடி கட்டுகிறவள். ஃபைபர், அலுமினியம், மரம், எதுவானாலும் தண்ணீரில் படுகிற பாகம் என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளிடம்தான் வருவார்கள். வயது நாற்பத்தொன்பது. சொந்த ஊர் சேந்தன்துறை. ஊர் இப்போது தண்ணீருக்குள் இருந்தாலும், யாராவது கேட்டால் இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவாள்.

ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி உள்ளே போனாள். அலுமினிய அடித்தகட்டில் முன்னிருந்து பின்வரை ஒரே கிழிசல். தபாலாபீஸ் தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி ஒன்றின் வேலை அது. போன வருஷம் அவளே கைப்பட அடித்து, துளை போட்டு, பொருத்திய தகடு. கிழிந்த விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே கிடந்தாள்.

“நான் பாத்துத்தான் வந்தேன் தங்கச்சி,” என்றார் கிதியோன். அவர் கால்கள் மட்டும் அவளுக்குத் தெரிந்தன. “முந்தாநாள் வந்த அதே வழி. அந்தக் கம்பி முந்தாநாள் அங்கன இல்ல. செவரு சரிஞ்சி வெளிய வந்திருக்கு.”

“ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி. தகடு என்னுது.”

கடல் ஊருக்குள் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. ஒரே நாளில் வரவில்லை. முதலில் கடற்கரைத் தெருவில் கொலுசு நனைகிற அளவுக்கு வந்து திரும்பிப் போனது. அடுத்த மழைக்காலத்தில் சந்தைக்குள் வந்தது. அதற்கடுத்த வருஷம் வந்தது திரும்பவில்லை. ஊர் மொத்தமும் புதூர் காலனிக்கு இடம்பெயர்ந்தது. ஆனால் ஊருக்குத் தெற்கே இருந்த தேரிமேடு, அந்தச் செம்மணல் குன்று, முழுகவில்லை, தீவாகிவிட்டது. மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஊறுகிறது, பனை நிற்கிறது, முந்நூறு குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கும் கரைக்கும் நடுவே முழுகிய ஊர் நாலு கிலோமீட்டர் அகலத்துக்குக் கிடக்கிறது. கடல் ஏறும்போது படகு போனால் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் அடியை அறுக்கும். வற்றும்போது படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் மிதக்கவும் செய்து, பருத்த சக்கரங்களால் சேற்றில் ஊர்ந்தும் போகிற இந்த வண்டியை அரசு கொடுத்தது. தவளை என்று பெயர் வைத்தது தேரிமேட்டுப் பிள்ளைகள்.

அமலோற்பவம் அந்த மாதம் முழுக்க வேறு வேலை எடுக்கவில்லை. எஃகுத் தகடு போட்டுப் பார்த்தாள். கம்பியைத் தாங்கியது, ஆனால் வண்டி மூக்கை முன்னால் கவிழ்த்துக்கொண்டு மிதந்தது. கனமான பிளாஸ்டிக் பலகை போட்டாள். வழுக்கிக்கொண்டு நன்றாகப் போனது, மூன்றாவது வாரம் செதில் செதிலாக உரிந்தது. தகட்டை ஆறு துண்டாகப் பிரித்தாள். போல்ட்டுத் தலைகளைக் குழிக்குள் இறக்கினாள், வெளியே நீட்டினால் முதல் உரசலிலேயே சீவிக்கொண்டு போய்விடும் என்பதற்காக. முன்பக்கத்தைத் தோணி மூக்கு மாதிரி மேலே வளைத்தாள். சேறு தங்காமல் ஒழுகத் துளைகள் விட்டாள். அமைப்பு சரியாக வந்துவிட்டது. எதைக் கொண்டு செய்வது என்பதுதான் வரவில்லை.

அதற்கு வழி சொன்னவள் நஸ்ரின். முத்துச்சிப்பி ஆராய்ச்சி செய்கிற டாக்டர். அமலோற்பவத்தோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள்.

“நீ ஏன் தேயாத பொருளையே தேடுத?” என்று கேட்டாள். “அப்படி ஒண்ணு உலகத்துல கெடையாது. தேய்ஞ்சா திரும்ப வளருற பொருளப் பாரு.”

“அது என்ன பொருள்?”

“ஒன் கையக் காட்டு.” அமலோற்பவத்தின் உள்ளங்கையைத் திருப்பிப் பிடித்தாள். விரல்களுக்குக் கீழே சுத்தியல் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போயிருந்தது. “இது யாரு செஞ்சு பொருத்துனது? அடி படப்பட தானா தடிச்சிருக்குல்லா? அது மாதிரி. சிப்பி எப்படி ஓடு கட்டுதோ அதே வேலையச் செய்யுற உயிரணு எங்ககிட்ட இருக்கு. கல்நார் மாதிரி ஒரு வலையில அத ஏத்தி விட்டா, எங்க அடி படுதோ அந்த எடத்துல ஓடு தடிக்கும். சிப்பி ஏழு வருஷத்துல செய்யுறத இது ஏழு நாளுல செய்யும்.”

“சாப்பாடு?”

“கடல் தண்ணியில சுண்ணாம்புச் சத்து இருக்குல்லா. அது போதும்.”

அது போதும் என்று இருவருமே நம்பினார்கள். பிற்பாடு நினைத்துப் பார்த்தபோது அமலோற்பவத்துக்கு உறுத்தியது அந்த ஒரு சொல்தான்.

தகடு வந்தது. தொட்டால் நகம் மாதிரி இருந்தது. தட்டினால் பீங்கான் மாதிரி ஒலித்தது. எடை அலுமினியத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆறு துண்டுகளையும் பொருத்திய அன்று சோதனை ஓட்டத்துக்கு அவளும் ஏறிக்கொண்டாள். பதினெட்டு வருஷத்தில் ஊருக்கு மேலே அவள் போவது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் தெளிந்திருந்தது. கண்ணாடி ஜன்னல் வழியே குனிந்து பார்த்தாள். ரேஷன் கடைப் படிக்கட்டு. அதில் இப்போது பாசி பிடித்து, மீன் குஞ்சுகள் வரிசை நின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் தெரு வழியாக வரும்போது பேக்கரி முனையில் முந்திரி மக்ரூன் வாசனை மறிக்கும். வாங்கிய பொட்டலம் வீடு போய்ச் சேருவதற்குள் பாதியாகியிருக்கும். உப்பு லாரிகள் போன தடம் சாலையெல்லாம் வெள்ளையாக மினுங்கும். மதியம் இரண்டு மணிக்கு மீன் கொட்டகையில் ஐஸ் உடைக்கிற சத்தம் ஊருக்கே கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து அடுப்பு பற்றவைப்பாள். ஊரில் கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்களுக்கும் மணி தெரிந்திருந்தது.

“எறங்கிப் போயிரலாம் போல இருக்குல்லா?” என்றார் கிதியோன், அவள் முகத்தைப் பார்க்காமலே.

“ஆமா அண்ணாச்சி. கதவ தட்டுனா தொறந்துருவாங்க போல.”

தகடு சுவர்களின் தலையில் உரசியபடி போனது. உள்ளே அது மெல்லிய கரகரப்பாகக் கேட்டது. கம்பிகள் கீறின. கரையேறிய பிறகு படுத்துப் பார்த்தாள். மூன்று கீறல்கள், நகக்கணு ஆழம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்றும் மூடி, அந்த இடம் தழும்பு மாதிரி மேடு தட்டியிருந்தது. அன்றைக்கு அவள் பட்டறையில் எல்லாருக்கும் பாயசம் வைத்தாள். வள்ளித்தாயின் முகம் நினைவுக்கு வந்ததும் தன் டம்ளரை மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

நாலு மாதம் தவளை ஒரு நாளும் நிற்கவில்லை. இருபத்தாறு நோயாளிகள், மூன்று பிரசவங்கள், வாரம் இருமுறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிற ஒரு தையல்காரர், பரீட்சை எழுதப் போன பிள்ளைகள். எல்லாரும் போய்வந்தார்கள். நாலாவது மாதக் கடைசியில் கிதியோன் ஒரு சேதி சொன்னார்: “வண்டி முங்கி ஓடுது தங்கச்சி. ஒரு வெரல் எறங்கியிருக்கு.”

தகட்டைக் கழற்றி எடைபோட்டார்கள். அறுபத்திரண்டு கிலோ கூடியிருந்தது.

நஸ்ரின் நம்பவில்லை. “கடல் தண்ணியிலருந்து இவ்வளவு வரவே வராது. பத்து கிலோ வந்தாலே அதிசயம்.”

நடுத்துண்டில் ஒரு மூலையை வாள் வைத்து அறுத்து, வெட்டு முகத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்தார்கள். அடுக்கடுக்காகக் கோடுகள் ஓடின. வெள்ளை, அதன் மேல் இளநீலம், மறுபடி வெள்ளை, அப்புறம் மஞ்சள், காவி, ரோஸ், மறுபடி நீலம். மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரி. இது எந்தச் சிப்பியின் நிறமும் அல்ல.

டிசம்பர் பிறந்துவிட்டால் சேந்தன்துறை முழுக்க வெள்ளையடிப்பார்கள். சங்குச் சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒருவர் நீலம் கலப்பார், பக்கத்து வீட்டுக்காரர் அவரைவிட ஒரு சிட்டிகை கூடுதலாகக் கலப்பார். வருஷத்துக்கு ஒரு பூச்சு; ஐம்பது அறுபது பூச்சு ஏறிய சுவர்களெல்லாம் இருந்தன. சுவரே பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். அமலோற்பவம் அந்த வெட்டு முகத்தில் விரலை ஓட்டினாள். மஞ்சள் கோட்டில் நின்றாள்.

“இது ரொட்ரிகோ வீடு. மஞ்சள் அடிச்சது ஊருலயே அவிய மட்டுந்தான்.”

நஸ்ரின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “வழியில சுலபமா கெடைக்குற சாப்பாடு இருக்கப்ப, அது ஏன் கடல் தண்ணிய வடிகட்டிக்கிட்டு இருக்கப் போகுது? உரசும்போது லேசா ஒரு அமிலத்த விட்டு செவத்தக் கரைக்குது. கரைச்சதுல கொஞ்சத்த எடுத்துத் தன் மேல பூசிக்குது, மிச்சம் கடலோட போயிருது. நான் யோசிச்சிருக்கணும் அமலா.”

“அப்ப நாம ஊரத் தின்னுகிட்டுத்தான் போய்வந்திருக்கோம்.”

“கம்பி கீறின காயத்த மூட அதுக்குச் சுண்ணாம்பு வேணும். குடுக்கலன்னா பழைய கததான். கிழிஞ்சிரும்.”

அமலோற்பவம் இதை யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் வைத்திருந்தாள். அதிகமான எடையைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தகட்டைத் திரும்ப மாட்டினாள். செதுக்கிய பொடியைக் குப்பையில் போட மனம் வராமல் ஒரு டின்னில் அள்ளி வைத்தாள். பதினோராம் நாள் மாதா கோவில் திருவிழா வந்தது.

வருஷத்தில் அந்த ஒரு நாள் காலனி ஜனங்கள் படகு பிடித்து ஊருக்குப் போவார்கள். கடல் நன்றாக வற்றுகிற நேரமாகப் பார்த்துப் போய், அவரவர் வீட்டுச் சுவரைத் தொட்டு நின்று செபம் சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். செலஸ்டின் மச்சாது, அந்தத் தபாலாபீஸிலேயே முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர், எப்போதும் முதல் படகில் போவார். அன்றைக்கும் போனார். திரும்பி வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. ஈர வேட்டியோடு நேரே காலனி மண்டபத்துக்குப் போய் மணியை அடித்தார்.

“என் வீட்டுத் தெக்குச் செவரு இடுப்பு ஒசரம் இருந்தது,” என்றார் கூடிய கூட்டத்திடம். “இன்னைக்கி முழங்காலுக்குக் கீழ. இடிஞ்சி விழல. யாரோ நக்கி எடுத்த மாதிரி வழுவழுன்னு இருக்கு. என்ன நடக்குது ஊருக்குள்ள?”

அமலோற்பவம் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பத்து நாள் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னாள். நஸ்ரின் கொடுத்த வெட்டுத்துண்டைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். அது கூட்டத்தில் கைமாறிக் கைமாறிப் போனது. சத்தம் போட்டவர்கள்கூடத் துண்டு தங்கள் கைக்கு வந்ததும் பேச்சை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். ஒரு பெண் அதை முகர்ந்து பார்த்தாள்.

மச்சாது மட்டும் துண்டை வாங்கவில்லை. அவர் சுவரில் ஒட்டியிருந்த வண்டித்தடப் படத்தின் முன்னால் போய் நின்றார். புதுத் தகடு பொருத்திய பிறகு, வண்டி எந்த வழியாகப் போகவேண்டும் என்று ஆழம் அளந்து அமலோற்பவம் வரைந்து கொடுத்த படம் அது. கோவில் தெரு நடுவே மின்கம்பங்கள் சரிந்து கிடந்ததால் வழி வீடுகளின் மேலேயே போனது.

“இந்தக் கோடு நீ போட்டதுதானே?”

“ஆமா சார்.”

“கோவில் தெருவுல வரிசையா எல்லார் வீட்டு மேலயும் நேராப் போகுது. பதினாலாம் நம்பருகிட்ட வந்ததும் வளையுது. வளைஞ்சி, தாண்டி, திரும்ப நேராப் போகுது. பதினாலு யாரு வீடு?”

அமலோற்பவம் படத்தைப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. அந்த இடத்தில் பென்சில் கோடு வீட்டைச் சுற்றிப் பதமாக ஒதுங்கிப் போயிருந்தது. அங்கே பாறை இல்லை, கம்பி இல்லை, ஒதுங்க எந்தக் காரணமும் இல்லை. வரையும்போது தன் கை என்ன செய்தது என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

“என் வீடு,” என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கூட்டம் கொஞ்சம் இரங்கியிருக்கும். அப்போது கதவோரம் நின்ற ஒருத்தி பேசினாள். தேரிமேட்டுக்காரர்கள் அந்த மண்டபத்தில் வாய் திறப்பது வழக்கமில்லை. சந்தைக்கு வந்தவள் மணிச்சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்தாள். வள்ளித்தாய்.

“ஒங்க வீட்டுக்கு நான் மரியாத கொடுக்குதேன்யா,” என்றாள் மச்சாதுவிடம். “நீங்க வருஷத்துக்கு ஒருக்கா போய்ச் செவத்தத் தொட்டுட்டு வாறிய. எனக்கு அந்த மொட்டமாடிதான் எம்பிள்ள பொறந்த எடம். அதத் தாண்டித்தான் நான் எங்க போனாலும் போணும். வண்டிய நிப்பாட்டணும்னா நிப்பாட்டுங்க. பெறகு எங்கள எதுல கூட்டிட்டுப் போவியன்னு மட்டும் சொல்லிருங்க.”

மச்சாது படத்தின் முன்னாலிருந்து விலகி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வேட்டி நுனியிலிருந்து கடல் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

முடிவாக மூன்று காரியம் பேசினார்கள். கல்லறைத் தோட்டத்தின் பக்கமும் கோவில் கட்டடத்தின் பக்கமும் வண்டி எக்காரணம் கொண்டும் போகக்கூடாது. தகட்டுக்கு வேறு தீனி கண்டுபிடிக்க அமலோற்பவத்துக்கு ஆறு மாதம். அதுவரை எந்தெந்த வீட்டு மேலே போவது என்று அவள் வரைய வேண்டாம், கிதியோனே பார்த்துக்கொள்ளட்டும். கிதியோன் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆறு மாதமும் அவள் முயன்றாள். சிப்பி ஓட்டை அரைத்துத் தகட்டின் அடியில் பசையாகப் பூசினாள். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் கடல் கழுவிவிட்டது. சுண்ணாம்புக் கட்டிகளை வழியில் போட்டுப் பார்த்தாள், சேற்றில் அமிழ்ந்தன. கரையிலேயே ஒரு மேடை கட்டி, அதன் மேல் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டச் செய்தாள். அதில் கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால் அந்த உயிரணுவுக்குத் தண்ணீரில் வருஷக்கணக்காக ஊறி இளகிய பழஞ்சுவர் பிடித்த அளவுக்குப் புதுச் சுண்ணாம்பு பிடிக்கவில்லை. “இன்னும் ஒரு வருஷம் குடு, பழக்கிருவேன்,” என்றாள் நஸ்ரின்.

இதற்கிடையில் ஒரு விஷயம் அமலோற்பவத்துக்கு விளங்கவில்லை. ஆறு மாதமாக யாரும் வந்து புகார் சொல்லவில்லை. மச்சாது தாமே ஒரு படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுவர் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது என்றார். ஆனால் தகடு தேயவில்லை. காயங்களும் மூடிக்கொண்டேதான் இருந்தன.

தகட்டில் இன்னொரு துண்டு அறுத்தாள். வெட்டு முகத்தில், செதுக்கிய பிறகு வளர்ந்த பாகம் முழுக்க ஒரே நிறம். மேலிருந்து கீழ் வரை இளம்பச்சை. அந்தப் பச்சை எந்தத் தெருவில் யார் அடித்தது என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

அடுத்த நாள் முற்பகல் பயணிகள் இல்லாமல் தேரிமேட்டுக்குப் போன வண்டியில் அவளும் ஏறிக்கொண்டாள். கிதியோன் கோவில் தெருப் பக்கமே திரும்பவில்லை. மேலத் தெருவுக்குள் இறங்கி, தேங்காய் குடோன் தாண்டி, வண்டியின் வேகத்தைக் குறைத்தார். இரண்டு பக்கமும் வீடுகள் இடுப்பளவு நின்றன. நடுவில் ஒன்று மட்டும் தரையோடு தரையாக இருந்தது. வாசற்படி மட்டும் மிச்சம். பச்சைத் துகள்கள் தண்ணீரில் மெதுவாக மிதந்தன.

“இது யாரு வீடு அண்ணாச்சி?”

அவர் இயந்திரத்தை அணைத்தார். வண்டி அலையில் லேசாக ஆடியது.

“நம்ம வீடுதான். ரூபி பச்ச அடிக்கணும்னு நின்னா. யாராவது வீட்டுக்கு உள்ள பச்ச அடிப்பாங்களான்னு சண்ட போட்டேன். அடிச்சிட்டா.”

அவர் மனைவி இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடல் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால். அமலோற்பவத்துக்கு அந்த அடக்கத்துக்குப் போனது நினைவிருந்தது; வீட்டுக்குள் போனதில்லை.

“நீங்க ஒத்தையாளா எல்லாத்தையும்... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? ஊரே சேந்து ஆளுக்குக் கொஞ்சம்...”

“நீ நெனைக்குத மாதிரி இல்ல தங்கச்சி,” என்றார் அவசரமாக. “தியாகம் கியாகம்னு யார்கிட்டயும் போய்ச் சொல்லிராத. மத்தவங்க வருஷத்துக்கு ஒருக்கா வாறாங்க. நான் தெனமும் நாலு தடவ வீட்டுக்கு வந்துட்டுப் போறேன். அம்புட்டுத்தான்.” வாசற்படியைக் காட்டிச் சொன்னார்: “ஆனா இனி உரச ஒண்ணுமில்ல. நேத்தோட முடிஞ்சி போச்சி. நானே ஒங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன்.”

அமலோற்பவம் அன்று சாயங்காலம் மண்டபத்துக்குப் போனாள். சுவரிலிருந்த படத்தில், பதினாலாம் நம்பர் அருகே வளைந்து போன கோட்டை ரப்பரால் அழித்தாள். ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டாள். கதவைப் பூட்ட வந்த மச்சாது பார்த்துக்கொண்டு நின்றார். பென்சிலை அவள் கையிலிருந்து வாங்கி, பக்கத்து வரிசையில் தன் வீட்டின் மேல் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார்.

“ஒன் வீடு தீர்ந்த பெறகு,” என்றார். “முன்னால இல்ல.”

அடுத்த வியாழக்கிழமைதான் அந்த வழியாக முதல் ஓட்டம். காலை பத்து மணி. கடல் பாதி ஏறியிருந்தது. தேரிமேட்டிலிருந்து திரும்பும் வண்டியில் வள்ளித்தாய் ஏறினாள். அவளுக்கு ஏழாம் மாதம். ஸ்கேன் பார்க்கப் போகிறாள். அமலோற்பவம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோவில் தெருவுக்குள் வந்ததும் அடியில் கிரீச்சென்று தட்டியது. வள்ளித்தாய் கண்ணை மூடிக்கொண்டு அமலோற்பவத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“அக்கா, கம்பியா?”

“கம்பி இல்லம்மா. பயப்படாத. இது எங்க வீட்டு வாசல் நடை.”

சத்தம் மாறியது. கொஞ்சம் கனத்து, பிறகு மெலிந்தது. அமலோற்பவம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றினாள். உள்ளங்காலில் அந்தக் கரகரப்பு ஏறியது.

“இப்ப முன்னறை. எங்க அப்பா ஈசிச்சேர் போட்டு, காலை செவத்துல முட்டுக்குடுத்துப் படுத்திருப்பாவ. அதுல ஒரு பள்ளமே விழுந்திருந்தது. இது கதவு நிலை... தட்டுதுல்லா? நான் மூணு தடவ இதுல இடிச்சிருக்கேன். இப்ப அடுப்படி.”

வள்ளித்தாய் கண்ணைத் திறந்தாள். பிடி தளரவில்லை; ஆனால் இப்போது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்னிருக்கையில் கிதியோன் வேகத்தை இன்னும் குறைத்தார்.

“அம்மா அந்த மூலையிலதான் நிப்பாவ. பொகைக்கூண்டு அந்தப் பக்கம். செவரெல்லாம் கருப்பா இருக்கும். எத்தன தடவ வெள்ளையடிச்சாலும் பொங்கலுக்குள்ள கருத்துரும்.”

“அடுப்படிக்கு அங்கிட்டு என்ன இருக்கும் அக்கா?”

“கெணறு.”

அந்தச் சொல் முடியும்போது சத்தம் நின்றது. வண்டி எதிலும் படாமல் ஒரு கணம் அப்படியே மிதந்தது.